ஹேண்ட்பிரேக் போடாதீர்

தெலுக் பாஹாங் கடற்கரையில் என் வீட்டுக்காரர் உடைத்த முதல் பல் ஒரு பல் டாக்டருடையது. அந்த மனிதர் தன் டிரெய்லரை ரேம்ப் நடுவிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, தண்ணீர் ஸ்கூட்டர் மாதிரியான தன் ஜெட்ஸ்கியை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டார். பின்னால் ஏழெட்டு வண்டிகள் காத்துக் கிடந்தன. அவர் திரும்பி வந்ததும் செபாஸ்டியன் ஒரு வார்த்தை கேட்டார், டாக்டர் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னார், அடுத்து விழுந்தது குத்து. பல்லைத் தண்ணீரில் வெகுநேரம் தேடினார்கள். ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவருக்குத் தன் பல்லைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

ரேம்ப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கடலுக்குள் இறங்கும் சிமெண்டுச் சரிவு, இரண்டு பக்கமும் இடுப்பளவு சுவர். ஜெட்ஸ்கி வைத்திருப்பவர்கள் டிரெய்லரை அதன் வழியாகத் தண்ணீர் வரை இறக்கி, ஜெட்ஸ்கியை மிதக்கவிட்டு, டிரெய்லரை உடனே மேலே ஏற்றி ஓரமாக வைக்க வேண்டும். மேலே சமதளத்தில் ஒரு சின்னக் கார் நிறுத்துமிடம். விடுமுறை நாளில் ஊரே அங்கேதான் வந்து விழும். நிறுத்தியிருக்கும் கார்களுக்குப் பின்னால் குறுக்கே இன்னொரு வரிசை நிற்கும். பினாங்கில் கார் வைத்திருக்கிற யாருக்கும் அதன் மரியாதை தெரியும். குறுக்கே நிறுத்தினால் ஹேண்ட்பிரேக் போடக்கூடாது, கியரை ஃப்ரீயில் விட வேண்டும், போன் நம்பரைக் கண்ணாடியில் வைக்க வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் அந்தக் காரைக் கையால் தள்ளிவிட்டுத் தன் காரை எடுத்துப் போவார்.

இந்த மரியாதையைப் பலகையில் எழுதி, ரேம்ப்பின் தலைப்பில் கம்பு நட்டு மாட்டியவர் என் வீட்டுக்காரர். மலாயில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. “குறுக்கே நிறுத்தினால் ஹேண்ட்பிரேக் போடாதீர். ஃப்ரீ கியரில் விடவும்.” யாரும் அவரைக் கேட்கவில்லை. வாரம் முழுவதும் ஃபேக்டரியில் சூப்பர்வைசருக்குத் தலையாட்டுகிற டெக்னீஷியன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்த ரேம்ப்புக்கு ராஜா. அவருக்கும் அவருடைய கூட்டாளி அஸ்லானுக்கும் பங்கில் ஒரு பழைய ஜெட்ஸ்கி இருந்தது. அதை ஓட்டிய நேரத்தைவிட, அடுத்தவன் காரை எங்கே விட்டான் என்று பார்த்த நேரம்தான் அதிகம். அவருடைய பிக்கப்பில் சீட்டுக்கடியில் எப்போதும் இரும்பு ஸ்டியரிங் லாக் ஒன்று இருக்கும். அதை அவர் ஸ்டியரிங்கில் பூட்டி நான் பார்த்ததே இல்லை.

பல் டாக்டருக்குப் பிறகு ஒரு காண்ட்ராக்டரின் மூக்கு. அதன் பிறகு செபராங் ஜெயாவிலிருந்து வந்த ஒரு பையன். அவன் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். ஒரு குடும்பமே வெயிலில் காத்திருந்தது. பல்குத்தியைக் கடித்துக்கொண்டு சாவகாசமாக வந்தவன், செபாஸ்டியனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கார் கதவைத் திறந்தான். அவன் கை கதவின் விளிம்பில் இருக்கும்போதே இவர் கதவை ஓங்கிச் சாத்தினார். மூன்று விரல்கள். அந்தச் சத்தம், கருவாட்டுத் தலையைக் கிள்ளுகிற சத்தம் மாதிரி, மேலே மரத்தடியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

கோர்ட்டில் நன்னடத்தை ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். வீட்டில் அவ்வளவு சுலபமாக விடவில்லை. எங்கள் மகள் கிறிஸ்டலுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பேட்ரிக் பள்ளிக்கூட வாத்தியார், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். அன்று இரவுச் சாப்பாட்டில் கிறிஸ்டல் தட்டை நகர்த்தி வைத்தாள்.

“இனி ஒரு ஆள் மேல கை வெச்சீங்கன்னா, கோவில்ல நான் தனியாவே நடந்து போயிக்கிறேன், டேடி. உங்க கை எனக்கு வேணாம்.”

மனிதர் ஆடிப்போய்விட்டார். அவள் ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து அவருக்கு ஒரே கனவுதான். வெள்ளை கவுனில் மகள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கோவில் வாசலிலிருந்து பீடம் வரை நடந்து வருவது. அதற்காகவே சூலியா தெருவில் ஒரு தையற்காரரிடம் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தார். ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டு அவளோடு நடை பழகுவார். மெதுவா, மெதுவா என்று அவளுக்குச் சொல்லிவிட்டு அவர்தான் வேகமாகப் போவார். ஆகவே எழுந்து போய் பைபிள் மேல் கை வைத்தார். எந்த மனுஷன் மேலும் இனித் தன் கை படாது என்று சொன்னார். கண் கலங்கித்தான் சொன்னார்.

வாக்கைக் காப்பாற்றினார். கோபம் எங்கே போகும்? ஆளை விட்டார், காரைப் பிடித்துக்கொண்டார். ஒழுங்கில்லாமல் நிறுத்திய கார்களின் டயரில் காற்று இறங்கியது. பக்கக் கண்ணாடிகள் உடைந்து தொங்கின. நான் கேட்டால், ஆளைத்தானே தொடக்கூடாது, காருக்கு வலிக்கவா போகிறது என்பார். இன்றைக்குக் கண்ணாடியை உடைக்கிற கை நாளைக்குக் கண்ணை உடைக்கும் என்று சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அது பள்ளி விடுமுறையின் கடைசி ஞாயிறு. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. நிறுத்துமிடம் விடிகாலையிலேயே நிரம்பிவிட்டது. நான் ரேம்ப்பின் மேற்புறம், வாதாமரத்தடியில் பாய் விரித்து மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலங்களோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் மகன் ரயன், கிறிஸ்டலுக்கு இளையவன், ஜெட்ஸ்கியில் கடலுக்குப் போயிருந்தான். அவன் திரும்புகிற நேரம் பார்த்து செபாஸ்டியனும் கிறிஸ்டலும் டிரெய்லரைக் கையாலேயே தண்ணீர் வரை இறக்கினார்கள். பிக்கப்பை எடுத்து வருகிறேன், நீ மேலே போய் அம்மாவிடம் உட்கார் என்று அவளிடம் சொல்லிவிட்டு இவர் மேலேறினார். அவள் வரவில்லை. அலை டிரெய்லரை இழுத்தது. அது ஓடாமல் இருக்க, முட்டளவு தண்ணீரில் அதன் மறுபக்கம் குனிந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேலே, ரேம்ப்பின் தலைப்பிலேயே, பலகைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வேன் நின்றது. முகம் கடலைப் பார்த்து, முன் சக்கரம் இரண்டும் சரிவில்.

அது ஜுருவில் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிற தயாளன் என்பவனுடையது என்று பிறகுதான் தெரிந்தது. முதல் தடவையாக அந்தப் பக்கம் வந்திருக்கிறான். மனைவி ரூபினி மாசமாக இருந்தாள். வழியில் பத்து ஃபெரிங்கி என்ற ஊரின் சாலை வளைவுகளில் அவளுக்குக் குமட்டி, வேனிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். இடம் தேடி இரண்டு சுற்று சுற்றியவன், வேறு வழியில்லாமல் அங்கே நிறுத்தி, அவளைக் கைத்தாங்கலாகக் கழிவறைக்குக் கூட்டிப் போனான். போவதற்கு முன் பலகையைப் படித்திருக்கிறான். படித்து, எழுதியபடியே செய்தான். ஹேண்ட்பிரேக்கை இறக்கினான், கியரை ஃப்ரீயில் விட்டான், நம்பரைக் கண்ணாடியில் வைத்தான். சரிவாயிற்றே என்று மனம் கேட்காமல் முன் சக்கரத்துக்கடியில் ஒரு பெரிய கல்லையும் வைத்தான். அந்தப் பலகை சமதளத்துக்கு எழுதியது. சரிவில் யாரும் நிறுத்தவே கூடாது என்பதால், சரிவுக்கு என்ன செய்வது என்று எழுத என் வீட்டுக்காரருக்குத் தோன்றவில்லை. ரேம்ப்பில் பழகியவர்களுக்கு அது தெரியும், ஜுருக்காரனுக்கு எப்படித் தெரியும்?

செபாஸ்டியன் அந்த நம்பருக்குப் போன் போட்டார். மணி வேனுக்குள்ளேயே அடித்தது. மறுபடி போட்டார், மறுபடியும் உள்ளேயே அடித்தது. கழுத்து நரம்பு புடைப்பது எனக்கு மரத்தடியிலிருந்தே தெரிந்தது. பிக்கப்புக்குப் போய் ஸ்டியரிங் லாக்கோடு வந்தார். ஒரே அடியில் பக்கக் கண்ணாடி பறந்தது. அடுத்த அடி முன்விளக்கில். வேணாங்க என்று நான் எழுந்தேன். அவர் திரும்பவில்லை. குனிந்து கல்லைப் பார்த்தார். லாக்கைக் கீழே போட்டுவிட்டு, பூட்ஸ் காலால் கல்லை எத்தினார். அது நகரவில்லை. இன்னும் பலமாக எத்தினார். கல் உருண்டது. பின்னால் போய் இரண்டு கையாலும் வேனைத் தள்ளினார்.

“கடல்ல போயி நிக்கட்டும், சனியன்!”

வேன் முதலில் யோசிப்பது போல மெல்ல நகர்ந்தது. பிறகு யோசிக்கவில்லை. கிறிஸ்டலின் சிவப்புத் தொப்பி டிரெய்லருக்கு மேலே எழும்பியதை நான் பார்த்தேன். கத்தினேன். அவள் நிமிர்ந்து, மேலே பார்த்து, சுவர் பக்கம் பாய்ந்தாள். வேன் டிரெய்லரில் இடித்தது, டிரெய்லர் திரும்பிச் சுவரில் இடித்தது. இடையில் என் மகளின் கால் இருந்தது.

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அஸ்லானும் நாலைந்து பேரும் குதித்து வந்து வேனை நெம்பினார்கள். செபாஸ்டியன் தண்ணீரில் முட்டி போட்டு டிரெய்லரின் இரும்பைத் தூக்கினார். இரண்டு உள்ளங்கையும் கிழிந்து ரத்தம் வடிந்தது. அவளை வெளியே எடுத்து ரேம்ப்பில் கிடத்தினோம். இடது கால் முழங்காலுக்குக் கீழே கால் மாதிரியே இல்லை. என் துப்பட்டாவைத் தொடையில் இறுக்கிக் கட்டினேன். சிமெண்டில் ரத்தம் சரிவு பார்த்து ஓடிக் கடலில் கலந்தது. அவள் மயங்கவில்லை. மயங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரயன் கடலிலிருந்து வேன் உருண்டதைப் பார்த்திருக்கிறான். வேனுக்குப் பின்னால் நின்ற அப்பா அவன் கண்ணில் படவில்லை. ஜெட்ஸ்கியை அப்படியே விட்டுவிட்டு நீந்திக் கரையேறி, அக்காவை ஒரு பார்வை பார்த்தான். அந்த நேரம் பார்த்து தயாளன் மேலேயிருந்து ஓடி வந்தான். என் வேன், என் வேன் என்று கத்திக்கொண்டே வந்தான். பாவம், வேனைத்தான் பார்த்தான், கீழே கிடந்தவளைப் பார்க்கவில்லை.

ரயன் மேலே ஏறினான். கீழே கிடந்த ஸ்டியரிங் லாக்கை எடுத்தான். முதல் அடி தோளில். எலும்பு முறிந்து தயாளனின் கை தொங்கியது. இரண்டாவது அடி புருவத்தில். அவன் விழுந்ததும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஹேண்ட்பிரேக் போடாமல் சரிவில் விட்டவனை ஊரே உதைக்கலாம் போலிருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரூபினி மேலே நின்று அலறினாள். தயாளன் தலையைக் கைக்குள் புதைத்துக்கொண்டு, வாயில் ரத்தத்தோடு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான்.

“போர்டுல அப்படித்தாண்ணே போட்டிருக்கு... போர்டுல அப்படித்தாண்ணே போட்டிருக்கு...”

பத்தடி தூரத்தில் செபாஸ்டியன் நின்றார். அந்த ரேம்ப்பில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் நிற்காத ஆள் கிடையாது. நிறுத்துங்கடா என்று ஒரு வார்த்தை. நான்தான் தள்ளினேன் என்று இன்னொரு வார்த்தை. கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்க, உதடு ஒட்டிப்போய் நின்றார். நான் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ரூபினி வந்து புருஷன் மேல் விழுந்து மூடிய பிறகுதான் அவர்கள் நிறுத்தினார்கள்.

மருத்துவமனையில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போலீஸ்காரர் வாசலில் வைத்து விசாரித்தபோது, வேன் தானாக உருண்டது போலிருக்கிறது என்றார் என் வீட்டுக்காரர். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அவராகச் சொல்ல நாளை சாயங்காலம் வரை பார்ப்பது, இல்லையென்றால் நானே போலீஸ் பாலாய்க்குப் போய்ச் சொல்வது என்று முடிவு செய்தேன். முப்பது வருஷம் ஒரு கட்டிலில் படுத்ததற்கு அவ்வளவு தவணைதான் கொடுக்க முடிந்தது.

மறுநாள் கிறிஸ்டல் கண் விழித்தாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருப்பதை நெடுநேரம் பார்த்தாள், அழுதாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பேட்ரிக்கையும் ரயனையும் வெளியே அனுப்பிவிட்டு அப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“மேலேருந்து நீங்க கத்துனது எனக்குக் கேட்டுச்சு, டேடி. கடல்ல போயி நிக்கட்டும்னு.”

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “நீ அங்க நின்னத நான் பாக்கலம்மா. சத்தியமா பாக்கல.”

“தெரியும். அதுக்கு உங்க மேல கோவமில்ல.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “ரயன் அந்த ஆள அடிச்சப்போ நீங்க சும்மாவே நின்னீங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பான். நான் கீழ கெடந்து உங்க வாயவே பாத்துக்கிட்டிருந்தேன்.”

“என் கை யாரு மேலயும் படல, கிறிஸ்டல்.” குரல் குழந்தை மாதிரி கெஞ்சியது. வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று அந்த நிலையிலும் கணக்குச் சொன்னார் பாருங்கள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “கோவில்ல என்னை மம்மி தள்ளட்டும்.”

அவர் வெளியே போனார். சாயங்காலம் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது அஸ்லான் போன் செய்தான். செபாஸ்டியன் மதியமே பாலாய்க்குப் போய், கல்லை எத்தியதையும் வேனைத் தள்ளியதையும் சொல்லிவிட்டாராம். தயாளன் மேல் விழ இருந்த வழக்கு நின்றது. எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேர் மேலும் வழக்கு ஏறியது. செபாஸ்டியனை ஜாமீனில் விட்டார்கள், ரயன் ஒரு ராத்திரி லாக்கப்பில் இருந்து வந்தான். வந்தவன் அப்பா முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தப்பான ஆளை அடித்துவிட்டேன் மம்மி என்று என்னிடம் அழுதான். சரியான ஆள் என்று ஒருத்தன் இருந்தானா என்று கேட்டேன்.

கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்று பேட்ரிக் வீட்டில் கேட்டார்கள். கிறிஸ்டல் மாட்டேன் என்றாள். ரூபினிக்கு அவளே போன் போட்டு அழைத்தாள். பார்க்கலாம் அக்கா என்றாளாம் ரூபினி.

கல்யாணத்தன்று ஜார்ஜ்டவுனில் எங்கள் கோவில் முற்றம் வழக்கம்போலக் கார்களால் திணறியது. செபாஸ்டியன் சூலியா தெருக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வெயிலில், கார்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். யாரும் அவருக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. உள்ளே போகாமல் இருக்க அவருக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. நானும் சக்கர நாற்காலியில் கிறிஸ்டலும் கோவில் வாசலில் காத்திருந்தோம். வெள்ளை கவுனை அவள் இரண்டு பக்கமும் சீராக இழுத்துவிட்டிருந்தாள். நாற்காலியின் பிரேக்கைப் போட்டிருந்தேன்.

பாட்டு தொடங்கப் போகும் நேரத்தில் அந்தப் பழைய வேன் கேட்டுக்குள் வந்தது. ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் புதிது. இடமில்லாமல் முன்வரிசைக் கார்களுக்குப் பின்னால் குறுக்கே நின்றது. ரூபினி பெரிய வயிற்றோடு மெல்ல இறங்கினாள். தயாளன் ஸ்டியரிங்கில் இருந்தபடியே கண்ணாடியை இறக்கினான். புருவத்தில் தையல் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அவன் குரலில் மரியாதையும் இல்லை, சண்டையும் இல்லை.

“இங்க ஹேண்ட்பிரேக் போடணுமா, வேணாமாண்ணே?”

செபாஸ்டியன் வாயைத் திறந்தார்.

“போடுங்க, தம்பி. கியர்லயும் விடுங்க.”

அப்படியானால் முன்னால் இருக்கிற கார்கள் எப்படி வெளியே போகும் என்று யாரோ கேட்டார்கள். யாரும் போக வேண்டாம் என்றார் அவர். பூச்செடி ஓரத்திலிருந்து ஒரு செங்கல்லைப் பெயர்த்து எடுத்தார். அந்தக் கோட்டோடு தரையில் முட்டி போட்டு, வேனின் முன் சக்கரத்துக்கடியில் வைத்து, கையால் அழுத்திப் பார்த்தார். முற்றம் தட்டையாகத்தான் இருந்தது. எழுந்து முட்டியைத் தட்டாமலேயே வாசலைப் பார்த்தார். கிறிஸ்டலும் அவரைப் பார்த்தாள். கூப்பிடுவாளோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும், ஒரு அடி எடுத்து வைத்தார்.

உள்ளே பாட்டு தொடங்கியது.

“போலாம், மம்மி” என்றாள்.

நான் குனிந்து நாற்காலியின் பிரேக்கை எடுத்தேன். முன்னால் யாரும் இல்லை என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு, தள்ளினேன்.